புற்றுநோயும் நம் சாப்பாடும்: ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் அப்பாவுக்கு 62 வயதில் வலக்கன்னத்தின் உட்புறம் புற்று வந்தது. 40 வருஷம் குன்யா, அதாவது புகையிலை சேர்த்து மடித்த வெற்றிலை பாக்கு, மென்ற வாய். கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே வீட்டில் பத்தியம் தொடங்கிவிட்டது. மீன் கிரந்தி, முட்டை சூடு, பால் கபம், சர்க்கரை புற்றுக்குத் தீனி என்று பார்க்க வந்தவர் ஒவ்வொருவரும் ஒன்றை விலக்கச் சொன்னார்கள். எதையாவது சேர்க்கச் சொன்னவர் யாருமில்லை. 58 கிலோ இருந்தவர் ஆறு வாரத்தில் 47 கிலோவுக்கு வந்தார். கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க அவர் முகத்துக்கு அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் முகமூடி தொளதொளத்துப் போனது. புதிதாக அளவெடுத்து முடியும் வரை சிகிச்சை நின்றது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு நடுவில் நின்றால் அதன் பலன் குறையும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அப்பா போன பிறகுதான் நர்சிங் படித்தேன். 12 வருஷம் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தேன். கோவில் வாசலிலும் கல்யாண வீட்டிலும், பெகு, தட்டோன், மோல்மேனிலிருந்து போனிலும் நம் ஆட்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவருக்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

சாப்பாட்டால் புற்றுநோய் வருமா வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அக்கா.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் புகையிலை, மது, சில கிருமிகள், உடல் எடை, உணவு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மீதியில் வயதும் பரம்பரையும் உண்டு, வெறும் தற்செயலும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டவருக்கும் வரும். "என்ன பாவம் செய்தேன், என்ன தின்றேன்" என்று நோயாளி தன்னைத்தானே குடைந்துகொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இருக்கிறது. எந்தப் பொருள் புற்றை உண்டாக்கும் என்று ஆராய்ந்து அது தரம் பிரிக்கிறது. முதல் தரம் என்றால் "மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது" என்று பொருள். எவ்வளவு ஆபத்து என்பதை அந்தத் தரம் சொல்லாது. சிகரெட்டும் சாசேஜும் ஒரே தரத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்று போனில் சுற்றும் செய்திகள் இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்பட்டவை.

நம் ஊரில் வாழ்கிற நமக்கு எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று கேட்டால் என் வரிசை இது: குன்யா, மது, பூஞ்சை பிடித்த கடலை, ஏறிக்கொண்டே போகும் எடை. மற்றவை இவற்றுக்குப் பின்னால்தான்.

நான் புகையிலை போடுவதில்லை. வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான். சாமிக்கே வைத்துப் படைக்கிறோமே, அது எப்படிக் கெடுதல்?

சாமிக்குப் படைப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். வாயில் ஒதுக்கி வைப்பதைப் பற்றித்தான் பேச்சு.

புகையிலை சேர்த்த வெற்றிலையை அந்த முகமை 1985 இலேயே முதல் தரத்தில் வைத்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும், பாக்கைத் தனியாகவும் அதே தரத்தில் சேர்த்து 2004 இல் அறிக்கை வந்தது. குற்றவாளி பாக்கு. அதிலுள்ள அரிகோலின் என்ற சத்துதான் மென்றதும் ஏறும் அந்தச் சுறுசுறுப்பைத் தருகிறது. விட முடியாமல் பிடித்து வைப்பதும் அதுவே. சுண்ணாம்பு அந்தச் சத்தைப் பாக்கிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுப்பதோடு வாயின் தோலையும் அரிக்கிறது. இதற்கு மேல் ரங்கூன் தெருமுனைக் கடையில் இலைக்குச் சுண்ணாம்பு தடவி, மணமூட்டிய புகையிலையை ஒரு சிட்டிகை வைத்து மடித்துக் கொடுக்கிறார்கள். அது இரட்டை அடி.

பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகி, வாய் திறப்பது வரவரக் குறைந்துகொண்டே போகும். மருத்துவர்கள் இதைப் புற்றுக்கு முந்தைய நிலை என்பார்கள். உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றாலும், காரம் பட்டால் வாய் எரிந்தாலும், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும் பல் மருத்துவரிடமாவது போய்க் காட்டுங்கள். அப்பாவின் புண்ணை நாங்கள் "பல் குத்தியிருக்கும்" என்று நான்கு மாதம் விட்டுவைத்தோம்.

விட்டுவிட்டால் ஆபத்து ஒரே நாளில் மறையாது. ஆனால் வருஷம் போகப் போகக் குறையும். 25 வருஷம் போட்டவர் விட்டாலும் லாபம்தான். ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் இரவில் ஒதுக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்துங்கள். சீரகம், ஏலக்காய், கிராம்பு மெல்லலாம். பாக்கு வாசமே இல்லாததாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வேர்க்கடலை லேசாகப் பூத்துவிடுகிறது. கழுவி வறுத்தால் சரியாகிவிடும் அல்லவா?

ஆகாது. இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலை இல்லாத பர்மா அடுப்படி இல்லை. லப்பே என்ற ஊறவைத்த தேயிலையில் கடலை, நம் சட்னியிலும் கடலை, எண்ணெயும் கடலை.

ஈரத்தில் கடலையிலும் சோளத்திலும் மிளகாயிலும் ஒரு பச்சைப் பூஞ்சை பிடிக்கும். அது விடும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் போட்ட கடலைப் பிண்ணாக்கைத் தேடிப் போனபோதுதான் இந்த விஷம் பிடிபட்டது. இது கல்லீரலைத் தாக்கிப் புற்றை உண்டாக்கும், முதல் தரம். வீட்டு அடுப்பின் சூடு பூஞ்சையைக் கொல்லும், அது விட்டுப்போன விஷத்தை முழுதாக அழிக்காது. வறுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு இந்த விஷத்தின் ஆபத்து 30 மடங்கு வரை கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அந்தக் கிருமி அபூர்வமானதல்ல. வீட்டில் எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இல்லாதவர்கள் தடுப்பூசி போடுங்கள், இருப்பவர்கள் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுங்கள். ஈரல் புற்றைத் தடுக்க எந்தக் கீரையும் செய்யாத வேலையை அந்த ஊசி செய்யும்.

வைகாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மூட்டையாக வாங்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஆனதை மட்டும் வாங்கி, நன்றாகக் காயவைத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. கசந்த கடலை வாயில் பட்டால் மரியாதை பார்க்காமல் துப்பிவிடுங்கள். மிளகாய்த்தூளை விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சில்லறையாக வாங்குவதைவிட வற்றலாக வாங்கிக் காயவைத்து அரைப்பது மேல். சிறு செக்கில் ஆட்டிய எண்ணெய் மணமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே போன கடலை சுத்தமானதா என்று தெரிந்த செக்காக இருக்கட்டும். சுத்திகரிக்கும்போது நீங்கிப் போகும் இந்த விஷம், சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கிவிடும்.

லப்பே, ஙாப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது), கருவாடு?

லப்பே வெறும் தேயிலைதான், பயமில்லை. பயம் சாயத்தில். 2009 மார்ச்சில் நம் சுகாதார அமைச்சகமே 43 பிராண்டு லப்பேயில் ஆரமைன் என்ற துணிச்சாயம் கலந்திருப்பதாக அறிவித்தது. கண்ணைப் பறிக்கும் பச்சையாக, மஞ்சளாக இருப்பதை வாங்காதீர்கள். நல்ல லப்பே மங்கலான ஆலிவ் நிறத்தில்தான் இருக்கும்.

உப்பில் ஊறிய உணவு அதிகமானால் இரைப்பைப் புற்றின் ஆபத்து கூடும். சீன முறையில் உப்பிட்ட மீன், மூக்கின் பின்புறம் வரும் புற்றோடு தொடர்புள்ளது என்று முதல் தரத்தில் இருக்கிறது. ஙாப்பி மணத்துக்கு ஒரு கரண்டி என்பது வேறு, மூன்று வேளையும் ஙாப்பியும் கருவாடும் மட்டுமே குழம்பு என்பது வேறு. குழந்தைகளுக்கு உப்பு மீனைப் பழக்காதீர்கள். ஆற்று மீனை, குளத்து மீனை அரைவேக்காடாகவோ புளிக்கவைத்துப் பச்சையாகவோ சாப்பிட வேண்டாம். தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோசிலும் பித்தநாளப் புற்று அதிகம். பச்சை ஆற்று மீனில் இருக்கும் ஈரல் புழுதான் அதற்குக் காரணம்.

19 ஆம் தெருவில் சுட்ட இறைச்சி, சாசேஜ். வாரத்தில் ஒருநாள்தான் போகிறோம்.

பதப்படுத்திய இறைச்சியை 2015 இல் முதல் தரத்தில் சேர்த்தார்கள். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றின் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது அறிக்கை. இந்த 18 சதவீதத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் பயந்துபோனார்கள். பிரிட்டனில் போட்ட கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும்: 1,000 பேரில் 61 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது குடல் புற்று வரும். பதப்படுத்திய இறைச்சியை மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களில் அது 56 பேர், மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களில் 66 பேர். ஆபத்து கூடுவது உண்மைதான், ஆனால் மலையளவு அல்ல. வாரம் ஒருநாள் சாப்பிடுகிறவர் அந்த இறைச்சியைவிட அதோடு வரும் பீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பீர் என்ன செய்யும்? கள் இயற்கையானதுதானே?

உள்ளே இருப்பது ஒரே ஆல்கஹால். உடம்பில் அது அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுவைக் கெடுக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மார்பகம் என்று குறைந்தது ஏழு புற்றுகளுக்கு அது காரணம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குன்யாவும் சுருட்டும் போடுகிறவர் குடிக்கவும் செய்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது.

டீக்கடை டீ?

தாராளமாகக் குடியுங்கள், ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க விழுங்குவது உணவுக்குழாய்க்குக் கெடுதலாகலாம் என்பது லியோன் முகமையின் 2016 முடிவு. நம் மாஸ்டர் தூக்கி ஆற்றிக் கொடுப்பதற்குள் அந்தச் சூடு போய்விடும்.

சர்க்கரை புற்றை வளர்க்குமாமே? அம்மாவுக்கு டீயில்கூட நிறுத்திவிட்டோம். சோறும் சர்க்கரைதானே என்று அதையும் குறைத்துவிட்டோம்.

சோற்றை இன்றே திருப்பிக் கொடுங்கள்.

இந்த நம்பிக்கைக்கு வேர் உண்டு. புற்று அணுக்கள் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்பதை 1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார். பெட் ஸ்கேனில் புற்று இருக்கும் இடம் ஒளிர்வதும் இதனால்தான். ஆனால் நீங்கள் சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது. மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும் என்பதால் உடம்பு தன் தசையையே கரைத்து அதைச் செய்துகொள்ளும். அப்படிக் கரைவது அம்மாவின் தசை. கட்டிக்கு அதனால் ஒன்றும் குறையாது.

சர்க்கரை கலந்த பானங்கள் எடையை ஏற்றும். அதிக எடைக்கும் 13 வகைப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது 2016 இல் உறுதியானது. அதனால் நோய் இல்லாதவர்கள் இனிப்பைக் குறைப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர் மருத்துவர் சொன்ன அளவில் இருக்க வேண்டும், சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து தந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எடை குறைந்துகொண்டே போகும் ஒரு நோயாளியின் டீயிலிருந்து சர்க்கரையைப் பிடுங்குவது தவறு.

அப்படியானால் கீமோ நடக்கும்போது என்னதான் கொடுப்பது? எதற்குப் பத்தியம்?

நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். காமாலைக்கும் அம்மைக்கும் பிரசவத்துக்கும் பத்தியம் பார்த்துப் பழகியவர்கள் நாம். பர்மியர் வீடுகளிலும் எந்த உணவோடு எது சேராது என்று படம் போட்ட அட்டை சுவரில் தொங்கும். நோய் என்றதும் விலக்குவதற்குத்தான் கை போகிறது. புற்றுநோய் சிகிச்சையில் முதல் வேலை அதற்கு நேரெதிர்: எடை குறையாமல் பார்ப்பது. எடை இறங்கியவருக்கு மருந்தின் கெடுதல் அதிகமாகும், அளவைக் குறைக்க நேரும், தவணை தள்ளிப்போகும், அறுவைப்புண் ஆற நாளாகும்.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து சங்கத்தின் கணக்குப்படி நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்குப் புரதம் 50 முதல் 75 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கைப்பிடி கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, உள்ளங்கை அளவு மீன் துண்டில் 20 இருக்கும். வெறும் கஞ்சித் தண்ணீரும் ரசமும் கொடுத்தால் இதில் கால்வாசிகூட வராது. கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைத்து, முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவைத்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். அதே கிண்ணம், மூன்று மடங்கு பலம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்று வேளைச் சாப்பாடு நடக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு வாய், எட்டு வாய். பசி காலையில் நன்றாக இருந்தால் பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போடலாம் என்பார்கள். குழாய் என்றாலே முடிவு என்று நினைத்து நாங்கள் மறுத்தோம். போட்டிருந்தால் முகமூடி தளர்ந்திருக்காது.

எவ்வளவு கொடுத்தும் தசை கரைவது நிற்காத ஒரு நிலையும் உண்டு. முற்றிய நோயில் உடம்பே அப்படி மாறிவிடும். அது சமைத்தவர் குற்றமல்ல, சாப்பிடாதவர் பிடிவாதமும் அல்ல.

வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் தகரம் மாதிரி இருக்கிறதாம்.

மிளகாய், புளி, ஆரஞ்சு, முறுக்கு எல்லாம் ஓரமாக இருக்கட்டும். ஆறிய கஞ்சி, தயிர்சோறு, பிசைந்த வாழைப்பழம், அவித்த பூசணி, பாயசம், இளநீர் வழுக்கை. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்துத் தினம் நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். தகரச் சுவைக்கு எவர்சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டி. குமட்டலுக்குச் சூடான சோற்றைவிட ஆறிய சோறு நல்லது, வாசம் குறைவு. தாளிப்பதையும் ஙாப்பி வறுப்பதையும் அவர் படுக்கைக்குக் காற்று போகாத நேரத்தில் செய்யுங்கள்.

தெருக்கடை அத்தோ வேண்டுமாம், கேட்டு அழுகிறாள் மகள். கீமோ போட்டு எட்டு நாள் ஆகிறது.

இந்த வாரம் வேண்டாம். பல கீமோ மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். கையால் பிசையும் அத்தோ, பச்சை முட்டைக்கோஸ், வெளியில் இருந்த இறால்தூள் எல்லாம் அப்போது ஆபத்து. வீட்டில் நூடுல்ஸை அவித்து, கோஸை வதக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கரண்டியால் கிளறிக் கொடுங்கள். ருசி ஓரளவுக்குத்தான் வரும், ஆனாலும் குழந்தை சாப்பிடுவாள்.

பழமே கூடாது, பச்சையாக எதுவுமே கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்த்தபோது தொற்று குறையவில்லை என்று தெரிந்தது. நன்றாகக் கழுவித் தோலுரித்த பழம் கொடுக்கலாம். நமக்குப் பெரிய ஆபத்து மின்வெட்டு. ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். பழைய சோறும் வேண்டாம். வேளைக்கு வேளை சிறு சட்டியில் சமையுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். உடல்சூடு 38 டிகிரியைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மஞ்சள், முள்சீத்தா இலை, வைட்டமின் மாத்திரை. எதுவுமே உதவாதா?

குழம்பில் போடும் மஞ்சள் அப்படியே இருக்கட்டும். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் புற்று அணுவைத் தடுத்தது உண்மைதான். வயிற்றிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். அதைச் சேர வைப்பதற்காகச் செறிவூட்டி விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. கீமோவில் இருக்கும் ஈரலுக்கு அந்தச் சுமை வேண்டாம். முள்சீத்தா கீமோவைவிட 10,000 மடங்கு வலியது என்ற செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. மனிதரிடம் அப்படி எந்தச் சோதனையும் காட்டவில்லை. அதன் இலைக் கஷாயத்தைத் தொடர்ந்து குடிக்கும் கரீபியனின் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறோடு அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். பழத்தை ஒருநாள் சாப்பிடலாம், இலையை மருந்தாகக் குடிக்காதீர்கள்.

வைட்டமின் கதை எனக்கே அதிர்ச்சி தந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கிப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 29,133 பேர் கலந்துகொண்ட சோதனை. 1994 இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் கெடுதல் என்று இதற்குப் பொருளல்ல. மாத்திரை கேரட் ஆகாது. ரத்தத்தில் குறை இருப்பதாக மருத்துவர் பார்த்துச் சொன்ன சத்தை மட்டும் சாப்பிடுங்கள்.

பம்பளிமாஸ் சாப்பிடலாமா? மோல்மேனிலிருந்து கூடையாக வந்திருக்கிறது.

மாத்திரையாகப் புற்று மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்துக்காரரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் இமாடினிப், நிலோடினிப் போன்றவை அதனால் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறலாம். சாத்துக்குடிக்கு இந்தக் குணம் இல்லை.

மார்பகப் புற்று. டோஃபு கூடாது என்கிறார்கள்.

முதலில், நாம் இங்கே அதிகம் சாப்பிடும் மஞ்சள் ஷான் டோஃபு கொண்டைக்கடலை மாவில் செய்தது, சோயாவே அல்ல. வெள்ளை டோஃபுதான் சோயா. அதிலும் அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. ஷாங்காயில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியான ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. சோயா சாறெடுத்த மாத்திரைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பங்குனியில் பீலிக்கான் கோவிலுக்குத் தீ மிதி வேண்டுதல். 10 நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கலாமா? உண்ணாவிரதம் கீமோவுக்கு நல்லது என்றும் படித்தேன்.

கீமோவோடு பட்டினி கிடப்பதைப் பற்றிச் சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. வீட்டில் நீங்களாகச் செய்யும் அளவுக்குச் சான்று இல்லை, எடை குறைந்தவருக்கு அது நேரடி ஆபத்து. வேண்டுதலை நோயாளிக்காக வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்வது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. இந்த வருஷம் அண்ணன் தீ மிதிக்கட்டும், நீங்கள் முட்டை சாப்பிடுங்கள். நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு பற்றிக் கேட்பதுண்டு. நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சாப்பாட்டாலும் மூலிகையாலும் மட்டும் குணமாக்க முடியாதா? செலவு தாங்கவில்லை.

செலவு தாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நகையை விற்றவர்களோடுதான் 12 வருஷம் இருந்தேன். ஆனாலும் பதில், முடியாது. குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியம் மட்டுமே போதும் என்று போன 281 பேரைப் பற்றி 2018 இல் அமெரிக்காவில் ஆய்வு வெளியானது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் மரண ஆபத்து 2.5 மடங்கு, மார்பகப் புற்றில் 5 மடங்குக்கும் மேல். செலவைக் குறைக்க வேண்டுமானால் அதை நேரடியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி இருக்கும். புரத மாவு டப்பாவுக்கும் வெளிநாட்டுச் சாறுக்கும் போகிற பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் போடுங்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. திரும்ப வராமலிருக்க எதைச் சாப்பிட வேண்டும்?

தனியாக ஓர் உணவு இல்லை. மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 3,088 பெண்களிடம் காய், பழம், நார்ச்சத்தை மிக அதிகமாகக் கூட்டிப் பார்த்த சோதனை 2007 இல் முடிந்தது. வழக்கமான நல்ல சாப்பாட்டைவிட அது நோய் திரும்புவதைக் குறைக்கவில்லை. ஆகவே சோறு, பருப்பு, மீன், புளிச்சக்கீரை, காய் என்று நம் சாப்பாடே போதும். குன்யாவும் மதுவும் திரும்பக்கூடாது. எடை மிதமாக இருக்கட்டும்.

உணவைவிட நல்ல செய்தி நடையில் வந்திருக்கிறது. குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருஷம் ஆள் வைத்து உடற்பயிற்சி பழக்கினார்கள். 2025 இல் முடிவு வந்தது. ஐந்து வருஷத்தில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சி செய்தவர்களில் 80.3 சதவீதம், செய்யாதவர்களில் 73.9. விடியற்காலையில் கண்டோஜி ஏரிக்கரையில் வேகமாக நடப்பதற்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்றால் அங்கே நடங்கள், இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே நடங்கள்.

மருத்துவர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார். தாத்தா கேட்பதையெல்லாம் கொடுக்கலாமா?

கொடுங்கள். இந்த நிலையில் கலோரிக் கணக்கும் வேண்டாம், எடை பார்ப்பதும் வேண்டாம். பசி அடங்கிப் போவது உடம்பின் இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாயில் போகலாம். கேட்டால் கொடுங்கள், வேண்டாம் என்றால் உதட்டை நனையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அப்பா கடைசி வாரத்தில் மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா கேட்டார். மீன் ஆகாது என்று நாங்கள் கொடுக்கவில்லை. தாத்தா கேட்டால் தெருமுனைக் கடையில் வாங்கிவந்து, வடை, மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்துவிட்டு, நூடுல்ஸைக் குழம்போடு நன்றாக மசித்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஆறிய பிறகு சின்னக் கரண்டியால் கொடுங்கள். இரண்டு கரண்டியோடு போதும் என்றால் விட்டுவிடுங்கள்.